மணல் ஒட்டாத செருப்பு

“பழைய இரும்புக்காரன் வந்தா அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டுடு, லூயிசா. உயிர் போன பொட்டிக்கு உறை ஒண்ணுதான் கேடு.”

காலைக் காப்பியோடு ஃபிரெட்ரிக் இதைச் சொன்னபோது லூயிசா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கேயே நின்றிருந்தால் சண்டையாகியிருக்கும். இந்த மனுஷனுக்கு நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் கல்லை வைத்துத் தைத்துவிட்டார்களோ என்று அவளுக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம்.

அந்தப் பெட்டிக்குள்தான் ஷெரில் இருந்தாள். ஃபிரெட்ரிக்குடைய தம்பியின் மகள். தம்பியும் அவன் மனைவியும் மஸ்கட்டில் வேலை என்று கைக்குழந்தையாக இங்கே விட்டுப்போனார்கள். பிள்ளையில்லாத வீட்டுக்கு அவள்தான் பிள்ளை என்றாகிப்போனபோது, நாலு வயதில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

போன இடத்தில் குழந்தை பெற்றவளிடம் ஒட்டாமல் “லூயிம்மா, லூயிம்மா” என்றே அழுதது.

“கொஞ்ச நாளைக்கு போன் பண்ணாதீங்கண்ணா” என்றான் தம்பி.

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. ஷெரில் இப்போது பத்தாவது படிக்கிறாளாம். “அவங்க பிள்ளை, அவங்க வளக்கறாங்க” என்பதோடு ஃபிரெட்ரிக் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார்.

லூயிசாவுக்கு மிஞ்சியது கம்ப்யூட்டரில் இருந்த வீடியோக்கள்தான். அடுப்பில் சோறு தீய்வதுகூடத் தெரியாமல் அதன் முன்னாலேயே கிடந்தாள். ஒரு நாள் அதுவும் போயிற்று. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஏதோ எழுத்து வந்து நின்றது, அப்புறம் நகரவே இல்லை.

“கடையில கேட்டுட்டேன். தேறாதாம்” என்று உறையைப் போட்டு மூடினார் ஃபிரெட்ரிக்.

அதோடு அவருக்கு உடம்பின் மேல் திடீர் அக்கறை வந்துவிட்டது. தினம் சாயங்காலம் சாந்தோம் பீச்சுக்கு வாக்கிங். மழை பெய்தாலும் குடையோடு போவார். திரும்பி வரும்போது செருப்பில் துளி மணல் இருக்காது. அத்தனை சுத்தக்காரர்.

லூயிசாவின் கவலையே வேறு. ஷெரிலின் முகம் நினைவிருக்கிறது, குரல் மறந்துவிட்டது. ‘லூயிம்மா’ என்பதை எந்த இடத்தில் இழுப்பாள்? எவ்வளவு யோசித்தாலும் காதில் வரவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

மத்தியானம் ஃபிரெட்ரிக் கண்ணயர்ந்ததும் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். அதன் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் கச்சேரி ரோட்டுக் கடை ஒன்றின் விலாசம் இருந்தது.

கடைக்காரன் ஷரஃபுதீன் கையிலிருந்த வேலைகளை முடித்துவிட்டு அவளிடம் வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது.

“இன்னாம்மா, இவ்ளோ தூசி கீது?”

“உள்ள இருக்கிற வீடியோவை மட்டும் எடுத்துக் குடு தம்பி. பொட்டி போனா போகட்டும்.”

அவன் ஒயரை மாட்டினான். அதே கறுப்புத் திரை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“எம்மா, இதுல ஹார்ட் டிஸ்க்கே இல்ல. அதான் ஆன் ஆவல. வீடியோ அல்லாம் அதுலதான் இருக்கும். யாரோ ஸ்க்ரூவக் கயட்டி எடுத்துக்கினாங்க.”

“யாரோ என்ன யாரோ? எங்க வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேர்தான்.”

லூயிசா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்படி ஒரு குழந்தை இருந்ததே தெரியக்கூடாதுன்னு தூக்கிப் போட்டுட்டார் தம்பி. தேறாதுன்னு என்கிட்ட பொய் வேற. இனிமே அந்த மனுஷன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

ஷரஃபுதீனின் கையில் ஸ்க்ரூடிரைவர் நின்றது.

“கொயந்தையா? கிறிஸ்மஸுக்குக் கல்கல் பலகாரத்துக்கு மாவு உருட்டிக்கினு, மூக்குல அல்லாம் மாவு ஒட்டிக்கினு... அந்தப் பாப்பாவாம்மா?”

லூயிசா நிமிர்ந்து பார்த்தாள். மாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அவன் மேஜை டிராயரைத் திறந்தான். வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க். கைக்குட்டையின் ஓரத்தில் அவளே போட்ட பூத்தையல்.

“பெரியவர் டெய்லி சாயங்காலம் வருவாரு. இத்த மாட்டிக் குடுத்தா அந்த மூலைல குந்திக்கினு பாப்பாரு. போவ சொல்ல என்கிட்டயே குட்த்துட்டுப் பூடுவாரு. ‘வீட்டுல இருந்தா என் வீட்டுக்காரி சோறு தண்ணி இல்லாம இது முன்னாடியே கிடப்பா’ன்னு சொன்னாரு.”

“அவர் பீச்சுக்கில்ல போறார்?”

“எங்க பீச்சுக்குப் போறாரு? இங்கதான். ஆனா ஒண்ணும்மா, சவுண்டு மட்டும் வெக்க மாட்டாரு. ஏன் சார்னு கேட்டேன். ‘குழந்தை குரலைக் கேட்டுட்டேன்னா, வீட்டுக்குப் போய் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்க என்னால முடியாதுப்பா’ன்னாரு.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. யாருடைய நடை என்று லூயிசாவுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

ஃபிரெட்ரிக் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார். கடைசியாக மனைவியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றுவிட்டார்.

லூயிசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தம்பி, அந்த மூலையில அவருக்குப் பக்கத்துல இன்னொரு சேர் போடு. இன்னைக்குச் சவுண்டு வை.”