மேல்தளத்தில் சிரித்த இருவர்

கப்பல் பயணம் தங்கள் இருவருக்கும் சரிப்பட்டு வருமா என்று பார்க்க எஸ்தரும் ஜெயசீலனும் பயண அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். வீட்டுச் சுவர்கள் வருடக்கணக்காகக் கேட்டுவைத்த பேச்சிலிருந்து தம்பதியின் நகல்களைச் செய்து, அவர்களைத்தான் முதலில் திரையில் கப்பலேற்றுவார்கள். நகல்கள் சண்டையில்லாமல் கரை திரும்பினால் டிக்கெட்.

திரையில் அந்த இருவரும் மேல்தளத்தில் நின்று சிரித்தார்கள். ஜெயசீலன் அப்படி வாய்விட்டுச் சிரித்து எஸ்தர் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அவளுக்கு ஆசையாக இருந்தது.

"ஒரு மனஸ்தாபம்கூட இல்ல ஆன்ட்டி. உங்களுக்கு அருமையாப் பொருந்துது," என்றாள் அலுவலகப் பெண்.

திரையில் இப்போது சாப்பாட்டு நேரம். எதிரே இருந்த பயணி கேட்டார்: "உங்களுக்குப் பிள்ளைங்க?"

"எங்களுக்குப் பிள்ளை இல்லீங்க," என்றாள் அந்த எஸ்தர், மீனில் முள் எடுத்தபடி, வெகு சாதாரணமாக.

எஸ்தர் ஜெயசீலனைத் திரும்பிப் பார்த்தாள். மகளை அடக்கம் செய்த பிறகுதான் இப்போதைய வீட்டுக்குக் குடிவந்தார்கள். அவர் உடைந்துபோவார் என்று இவளும், இவள் தாங்கமாட்டாள் என்று அவரும் ஒரு நாள்கூட அங்கே மகள் பேச்சை எடுத்ததில்லை. சுவர்களுக்கு எப்படித் தெரியும்?

"டிக்கெட் போட்டுரவா அங்கிள்?"

ஜெயசீலன் தலை நிமிரவில்லை. எஸ்தர் அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், உரக்கச் சொன்னாள்: "பெனிட்டாவுக்கு நாமதான் முள்ளு எடுத்துக் குடுக்கணும். ஞாபகம் இருக்குதாங்க?"

ஜெயசீலன் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "காலேஜ் போன பெறகும் எடுத்துத்தானே குடுத்தோம்."