பொட்டு வைத்த ரிமோட்

உரக்கடை ரங்கநாதன் வீட்டுக் கலர் டிவி காணாமல் போய்ப் பத்து நாள் ஆகியும், அவரைவிடத் தெருதான் அதிகமாக அழுதுகொண்டிருந்தது.

போலீசில் புகார் கொடுக்கச் சொன்னதும் தெருதான். "போனா போவுது" என்று முனகிய மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எழுதிக் கொடுக்க வைத்தார்கள். இருக்காதா பின்னே? அந்தத் தெருவில் இருந்த ஒரே டிவி அது. மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கூடவே ரிமோட் என்று சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒரு சாமான். இருப்பதே ஒரு சேனல்தான், இதை வைத்துக்கொண்டு எதை மாற்றப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே டிவியைப் போடலாம், அணைக்கலாம் என்பதே பெரிய அதிசயமாக இருந்தது.

அந்த ரிமோட்தான் ரேடியோ மெக்கானிக் கரீமுக்கு வினையாக வந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் அது வேலை செய்யவில்லை என்று அவனிடம் ரிப்பேருக்குக் கொடுத்தார் ரங்கநாதன். அதற்கு அடுத்த நாள் அனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியவர், தலையில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "டிவி போச்சு" என்றார்.

பூட்டு உடையவில்லை. மாடியில் ஆண்டெனாகூட அப்படியே நின்றது. நாசூக்காகத் திறக்கத் தெரிந்த கை என்று தெரு முடிவு கட்டியது. ரிமோட்டை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு டிவியைத் தூக்குகிறவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும்!

கரீமிடம் கொடுத்திருந்த ரேடியோக்களை ஆட்கள் ரிப்பேர் ஆகாமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் அம்மா மெஹபூப் பீ தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கவும் போவதில்லை. கரீமுக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏட்டு பச்சைமுத்து அவனை ரங்கநாதன் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஜன்னல் கம்பிகளில் தெருவே தொங்கியது.

"மூணு மலையும் மதிலும் இருந்தே கோட்டையைக் காப்பாத்த முடியாத ஊருங்க இது. உங்க டிவி எம்மாத்திரம்?" என்று ரங்கநாதனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ஏட்டு திரும்பினார். "இன்னா கரீமு, உண்மையைச் சொல்றியா, ஸ்டேஷனுக்கு வர்றியா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது ஏட்டய்யா."

ரங்கநாதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பாவம், புள்ளகுட்டிக்காரன். விட்டுடுங்க ஏட்டய்யா. போனது போவட்டும். நேரம் வேற ஆவுது."

"இன்னா தங்கமான மனுஷன்!" என்று ஜன்னல் உருகியது.

ஏட்டு உருகவில்லை. "ஒரு ரிமோட்டுக்குப் பத்து நாளா ரிப்பேரு? எடு, பாக்கலாம்."

கரீம் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ரிமோட்டை எடுத்தான். ஆனால் கொடுக்கத் தயங்கினான்.

"இன்னா மறைக்கிற?"

"மறைக்கலீங்க. செல்லு மாத்தினேன், உள்ள தொடச்சேன். எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஆனா..." அவன் ரங்கநாதனின் மனைவி சுந்தராம்பாளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். "பூஜைக்கு இந்த வீட்டம்மா சந்தனமும் குங்குமமும் வெச்சிருக்காங்க. சரியா முன்னாடி கண்ணாடி மேல. அது வழியாத்தான் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு வெளிய வரணும். சாமிக்கு வெச்ச பொட்டை நான் எப்படி அழிக்கிறது? கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தா, டிவியே இல்லேன்னுட்டாங்க."

சுந்தராம்பாளுக்கு மனசு கரைந்துவிட்டது. "அதுக்கு அதான் நெத்தின்னு நெனச்சேன் தம்பி. இதுக்கா இவ்ளோ சங்கடப்பட்ட? இப்படிக் குடு." முந்தானையால் பொட்டை அழுத்தித் துடைத்துவிட்டு ரிமோட்டை அவனிடம் திருப்பித் தந்தாள்.

"வேணாம் சுந்தரம்!" என்று ரங்கநாதன் எழுந்தார்.

கரீம் அதைக் கவனிக்கவில்லை. ஜெயிலுக்கே போனாலும் செய்த வேலை சரியாக இருக்க வேண்டும் என்கிற ஜாதி அவன். கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். கைக்கு நேரே உள் அறை இருந்தது. கதவில்லாத அந்த வாசலில், மெல்லிய பழைய புடவை ஒன்று திரையாகத் தொங்கியது.

புடவைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. அடுத்து இன்றைய திரைப்படம் என்றது.

ஏட்டு எழுந்து போய்ப் புடவையை விலக்கினார். அரிசி டிரம்மின் மேல் கலர் டிவி. எதிரே இரண்டே இரண்டு நாற்காலிகள். நடுவில் ஒரு தட்டு முறுக்கு.

ரங்கநாதன் உடைந்துபோனார். "ஞாயித்துக்கிழமை ஆனா நாப்பது பேரு ஏட்டய்யா! எனக்கே உக்கார எடம் இருக்காது. நானும் இவளும் மட்டும் உக்காந்து ஒரு படம் முழுசாப் பாக்கணும்னு ஆசைப்பட்டது தப்பா?"

அதற்குள் ஜன்னல் மொத்தமும் வாசல் வழியாக உள்ளே வந்து பாய் விரித்துவிட்டது.

கரீமை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இன்னொன்றில் தானும் உட்கார்ந்து, முறுக்குத் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்ட ஏட்டு பச்சைமுத்து, திருடனை நிமிர்ந்து பார்த்து, "மொதலாளி, கொஞ்சம் நவுந்து நில்லுங்க, மறைக்குது" என்றார்.