வெள்ளைக் கட்டம்

"ஒரு வரிகூட விடல்லியாவே, அந்தப் படுபாவி?"

சனிக்கிழமை காலையில் வேதமாணிக்கத்தின் வீட்டுப் படியேறும்போதே கேட்டுக்கொண்டு வந்தார் பத்திரிகை ஆசிரியர் பூதலிங்கம். கையில் அன்றைக்கு வெளியான வாரப் பத்திரிகை. மூன்றாம் பக்கத்தில் 'கிழக்கேகோட்டை வம்பு' என்ற தலைப்பு. அடியில் 'வேதமாணிக்கம்' என்ற பெயர். இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய கட்டம், வெள்ளை வெளேரென்று.

பர்மா அரிசி நின்றுபோன யுத்த வருஷம் அது. ஊர் நடப்பைக் கிண்டல் செய்யும் எழுத்தெல்லாம் தணிக்கைக்குப் போய்த்தான் அச்சுக்கு வரவேண்டும். பள்ளிக்கூட வாத்தியாரான வேதமாணிக்கம் வியாழக்கிழமைதோறும் தான் எழுதியதைத் தணிக்கை குமாஸ்தாவின் மேஜையில் நேரே கொண்டுபோய்க் கொடுப்பார். குமாஸ்தா நீலப் பென்சிலால் அடித்தது போக மிச்சம் அச்சாபீசுக்கு வரும். அடிபட்ட இடத்தை வெள்ளையாகவே விட்டு அச்சடிப்பது பூதலிங்கத்தின் பிடிவாதம்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். தணிக்கை ஆபீஸ்லேருந்து ஒரு துண்டுக் காயிதம் வரல்ல. மொத்தத்தையும் முழுங்கிட்டான்னு புரிஞ்சுபோச்சு. கொள்ளாம்வே, நல்லதாப் போச்சு. பழவங்காடிக் கடையில பத்திரிகை ஒண்ணுகூட மிச்சமில்ல."

வேதமாணிக்கம் வாயைத் திறந்தார். பூதலிங்கம் விட்டால்தானே.

"போன ரெண்டு வாரமும் மழையையும் கொசுவையும் எழுதி என் உயிரை வாங்கினீரு. இன்னொரு தடவை அப்படி வந்தா அந்த இடத்தை எண்ணெய் விளம்பரத்துக்குக் குடுத்திருவேன்னு சொன்னது வாஸ்தவம். அதை மறந்திரும். அடுத்த வாரமும் இதே காரம் வேணும். அது சரி, அப்படி என்னதான்வே எழுதினீரு?"

வேதமாணிக்கம் பத்திரிகையை வாங்கி மடித்து வைத்தார். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் வாய்ப்பாட்டைக் கேட்டுக் காது புளித்துப்போன மனுஷனுக்கு, நாலு பேர் தன் எழுத்தைப் படித்துச் சிரிப்பதுதான் உயிர். அது கைவிட்டுப் போய்விடுமோ என்று பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. இப்போது என்ன சொல்வது?

"எங்கிட்டயே மூச்சு விட மாட்டேங்காவ," என்றாள் அவர் மனைவி எலிசாள், சுக்குக் காப்பியை வைத்தபடி.

"அதுதான் தைரியம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார் பூதலிங்கம்.

அடுத்து வந்தாள் பக்கத்து வீட்டுத் தங்கபாய், ரேஷன் கடைப் பையோடு.

"எங்க அரிசியைப் பத்தித்தானே எழுதினிய சாரே? வெட்டாம என்ன செய்வான். நாலு மணிக்கூர் கியூவுல நின்னு வாங்கினா, ஒரு படி அரிசியில கால்படி கல்லு. தினமும் அரைப்படி கல்லாவே தந்தாலும் கொள்ளாம், வீடாவது கெட்டிக்கிடலாம்."

எலிசாள் சிரித்துவிட்டாள். வேதமாணிக்கம் சிரிக்கவில்லை. தங்கபாய் போனதும் உள்ளே போய் ஏதோ குறித்துவிட்டு வந்தார்.

பத்து மணிக்குத் தம்பானூர் ஸ்டேஷன் குமாஸ்தா வந்தார். வாத்தியார் ரயிலைப் பற்றித்தான் எழுதியிருப்பார் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. 'பிரயாணத்தைக் குறையுங்கள்' என்று ஸ்டேஷனில் ஒரு போர்டு மாட்டினார்களாம். அதைத் திறந்து வைக்க ஓர் அதிகாரி தனிப் பெட்டி போட்டுக் குடும்பத்தோடு வந்தாராம்.

மத்தியானம் ஒரு தையல்காரர் வந்தார். அவர் பார்த்த பேசும் படத்தில் கதாநாயகன் பசியால் சாகக் கிடந்து கால் மணி நேரம் பாடினானாம். "நம்மூர்ல பசிக்கிறவனுக்குப் பேசவே தெம்பில்ல சாரே. இதைத்தானே எழுதினிய?"

இப்படியே ஆள்மேல் ஆள். ஒவ்வொருத்தர் போனதும் வேதமாணிக்கம் உள்ளே போய்வந்தார். எலிசாளுக்குப் பொறுக்கவில்லை.

"யாரு கேட்டாலும் முழிக்கிய. உள்ள போய் என்ன செய்யிய?"

"சொல்லுதேன், பொறு."

நாலு மணிக்குக் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் நின்றார். தணிக்கை குமாஸ்தா அனந்தபத்மநாபன். எலிசாள் உட்காரச் சொல்லவில்லை. "எல்லாத்தையும் வெட்டியாச்சு, இன்னும் என்ன வேணுமாம்," என்று சுவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அனந்தபத்மநாபன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"காலம்பற பெரிய அதிகாரி என்னைக் கூப்பிட்டார் ஓய். பத்திரிகை அவர் மேஜைமேல விரிஞ்சு கெடக்கு. 'ஒரு வரி விடாம வெட்டினீரே, இதுதான் ஜாக்கிரதை'ன்னு கையைப் பிடிச்சுக் குலுக்கினார். என் மேஜையை ஃபேனுக்குக் கீழே மாத்தச் சொல்லிட்டார். ஆத்துல சேதி தெரிஞ்சு பாயசம் வெச்சுட்டா."

"நல்லதுதானே சார்."

"என்னத்த நல்லது. தொண்டையில இறங்கலை." குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழமை நீர் என் மேஜைக்கு வரவே இல்லையே ஓய். நான் எதை வெட்டினேன்?"

வேதமாணிக்கம் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். உள்ளே போய், மை காயாத எட்டுத் தாள்களைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"அன்னைக்கு எனக்கு எழுத ஒரு வரிகூட ஓடல சார். இது அத்தனையும் நான் எழுதினதா ஊர் வந்து சொன்னது. இதுல நீங்க பென்சில் வைக்காம விட்டா, அந்த வெள்ளைக் கட்டம் நீங்க வெட்டினதாவே இருக்கட்டும், நான் வெளியில சொல்லல்ல."