ஒருமனதாக ஏழு முடிவுகள்

"நூத்தியிருபது சட்டை! ஒண்ணுலகூடப் பட்டன் இல்லாம வண்டி ஏறிப் போயிருக்கு. யாரைக் கேட்டு..."

"நீதான்க்கா முடிஞ்சதுன்னு போட்ட! ஆப்ல தெளிவா..."

"நான் எங்கடா போட்டேன்? ஸ்க்ரீன்ல ஏதோ கண்ணை மறைக்குதேன்னு விரலால சும்மா ஒதுக்கினேன்!"

"அந்த ஒதுக்கல்லதான் ஆர்டர் 'முடிந்தது' கட்டத்துக்குப் போயிடுச்சு. டிரைவர் பார்த்தார், ஏத்தினார், பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் இறக்கிட்டார். அவர் மேல என்ன தப்பு?"

சீருடை தைக்கும் கடை அது. அக்காவும் தம்பியும் கூட்டாளிகள். பதினைந்து வருடமாக ஆர்டர்கள் அக்காவின் நீள நோட்டில் இருந்தன. இரண்டு மாதமாகத் தம்பியின் ஆன்லைன் கருவிகளில் இருக்கின்றன. துணி இருப்புக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று, செய்ய வேண்டியதை ஞாபகப்படுத்த ஒன்று, அது ஞாபகப்படுத்தியதைப் பார்த்தோமா என்று கேட்க இன்னொன்று.

எல்லாவற்றிலும் புதியது, மேசை நடுவில் வைத்திருந்த தம்பியின் போனில் இருந்தது. கூட்டத்தில் பேசுவதைக் கேட்டு, என்ன முடிவாயிற்று என்று தானே எழுதி, கடை நம்பரிலிருந்தே கடை குரூப்புக்கு அனுப்பிவிடுமாம்.

"மெதுவாப் பேசுக்கா. அது கேட்டுட்டிருக்கு."

"கேட்கட்டுமே! மனுஷங்கதான் என் பேச்சைக் கேட்கிறதில்ல, அதுவாவது கேட்கட்டும்."

"நம்ம கடை நாலு கடை மாதிரி முன்னேற வேணாமா?"

"நம்ம கடையை நோட்டை வெச்சுத்தான்டா இவ்வளவு தூரம் கொண்டாந்தேன்."

"ஆமாமா, நீ ஒருத்தியேதான் கொண்டாந்த. நான் ஓரமா நின்னு வேடிக்கை பார்த்தேன்."

"சரிப்பா, நீதான் ராஜா. நான் கூட்டிப் பெருக்குறவ. போதுமா?"

"இப்படிப் பேசினா பிரிச்சுக்கலாம்க்கா!"

"பிரி! கத்தரிக்கோலை நீ எடுத்துக்கோ, துணியை நான் எடுத்துக்கறேன். யாரு சட்டை தைக்கிறாங்கன்னு பார்ப்போம்!"

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடை இரண்டானால் இருக்கிற எட்டுப் பேரில் யார் யாருக்கு வேலை மிஞ்சும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காஜா மிஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கடை நம்பரின் வாட்ஸ்அப் எப்போதும் திறந்திருக்கும் கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் துளை போடுகிறவளை எல்லோரும் காஜாம்மா என்பார்கள். 'ம்' என்பதற்கு மேல் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"நாளைக்கே வக்கீலைப் பார்க்கிறேன்!"

"நாளைக்கு என்ன? இன்னைக்கே பாரு!"

அக்கா இந்தப் பக்கத்து டீக்கடைக்கும் தம்பி அந்தப் பக்கத்து டீக்கடைக்கும் போனார்கள்.

அரை மணி நேரத்தில் இருவர் போன்களும் ஒலித்தன.

'இன்றைய கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள்:

1. தம்பி ராஜாவாக நியமிக்கப்படுகிறார்.

2. அக்கா கூட்டிப் பெருக்குவார். நல்ல துடைப்பம் தேவை.

3. கத்தரிக்கோல் ஒருவருக்கு, துணி ஒருவருக்கு. சட்டை தைப்பது யார் என்பது அடுத்த கூட்டத்தில்.

4. பட்டன் இல்லாத சட்டைகளை உடனே திரும்ப எடுத்து வந்து எல்லோரும் உட்கார்ந்து பட்டன் வைப்பது.

5. காஜா மிஷின் பக்கத்தில் மின்விசிறி வைக்க ஒருமனதாக ஒப்புதல்.

6. இன்றைய சண்டையில் 'என் கடை' என்று இருவரும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. 'நம்ம கடை' என்று பத்தொன்பது முறை சொன்னார்கள்.

7. ஆகவே பிரிப்பது ரத்து.'

கடை வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் எதிரெதிரே வந்து நின்றார்கள். சிரிக்கக் கூடாது என்று அக்கா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"வாங்க ராஜா."

"துடைப்பம் எங்கக்கா?"

அதற்குமேல் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருவரும் சிரித்தார்கள்.

"கிண்டலுக்குச் சொன்னதையெல்லாம் நிஜம்னு எழுதி வெச்சிருக்கே, அசட்டு ஆப்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அக்கா. "ஆனா அந்த ஆறாவது இருக்கு பாரு... பத்தொன்பது தடவையாடா சொன்னோம்?"

"மிஷின் எண்ணினா தப்பாதுக்கா."

"அது சரி, ஃபேனைப் பத்தி நாம எப்போ பேசினோம்?"

"கத்தின கத்துல எது ஞாபகம் இருக்கு? பேசியிருப்போம்."

சட்டைகள் திரும்பி வந்தன. ராஜாவும் உட்கார்ந்து பட்டன் வைத்தார். சாயங்காலம் மின்விசிறி வந்தது. மறுநாள் காலை அக்கா, சூடான தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி ஒற்றை விரலை நீட்டி, ஓர் ஆர்டரைச் சரியான கட்டத்துக்குத் தானே நகர்த்தினாள். தம்பி கைதட்டினான்.

"இனி மாசாமாசம் கூட்டம் போடுடா. அந்த ஆப் இல்லேன்னா நேத்து நாம ரெண்டாயிருப்போம்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. கையில் துணிக்குக் கோடு போடும் சாக்குத் தூள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் மேடம், கூட்டம் கேட்கிற ஆப் கம்பெனியிலேருந்து பேசறேன். கூட்டாளிங்க ரெண்டு பேரும் சம்மதம் கொடுத்தாத்தான் அது கேட்கவே ஆரம்பிக்கும். உங்க தம்பி கொடுத்துட்டார். உங்களோடது இன்னும் வரலை. அதனால இதுவரைக்கும் உங்க கடையில அது ஒரு வார்த்தைகூடக் கேட்கலை மேடம்."

கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த காஜா மிஷின் நின்றது.

அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் காஜாம்மா பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா... மத்ததெல்லாம் இருக்கட்டும். அந்தப் பத்தொன்பதை நிஜமாவே எண்ணினியா?"