அலசாத கண்ணாடி

வனிதா தன் நீச்சல் கண்ணாடிக்குள் எச்சில் துப்பி, விரலால் தேய்த்து, தண்ணீரில் அலசி மாட்டிக்கொண்டாள்.

“கருமம், துப்பித் துப்பிக் கண்ணுல மாட்டறயே,” என்றாள் மாமியார் ராசம்மாள்.

“துப்புனாத்தானுங்க அத்தை ஆவி படியாது. நீஞ்சறப்ப கொளத்துச் செவுரு தெரியும்.”

“எஸ்டேட்ல பனிக்குள்ள காப்பி பறிக்கறோம். நாங்க துப்பிக்கிட்டா திரியறோம்?”

ஏற்காட்டில் பயிற்சி நடந்த ஆறு மாதமும் இதே பேச்சுதான்.

இன்று சேலத்தில் போட்டி. பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பயத்தில் வனிதாவுக்கு வாய் உலர்ந்துபோயிருந்தது. இரண்டு முறை முயன்றும் எச்சில் வரவில்லை.

ராசம்மாள் விறுவிறுவென்று வந்து கண்ணாடியைப் பிடுங்கினாள்.

“குடுங்க அத்தை, எல்லாரும் பாக்கறாங்க.”

“அதுக்குத்தான்.”

மருமகளின் தலையை மூன்று முறை கண்ணாடியால் சுற்றினாள் ராசம்மாள். பிறகு அதற்குள் மூன்று முறை துப்பினாள்.

“அத்தனை பேரு கண்ணும் உம்மேலதான். திருஷ்டி கழிய நீதான் துப்போணும். உனக்குத்தான் வாய் காஞ்சு கெடக்குதே சாமி.”

வனிதா விரலால் தேய்த்தாள். தண்ணீர் காலடியிலேயே இருந்தது. இன்று அலசாமல் மாட்டிக்கொண்டாள்.