பேட்டரி தாங்கிய நான்கு நிமிடம்

பாலிஷ் மிஷினின் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பிளக் பாயிண்ட்டைத் தேடினாள்.

தூணில் ஒன்று இருந்தது. அதன்மேல் இரும்புப் பெட்டி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

போன மாதம் யாரோ இந்த அடித்தளப் பார்க்கிங்கில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட்டார்களாம். அதிலிருந்து பூட்டு.

காவலாளி ஆறுச்சாமி தலையைச் சொறிந்தார்.

“என்னால ஆவாதுங்க மேடம். சாவி செகரட்டரி சார்கிட்ட இருக்குதுங்க. என்ன வேலைக்குன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தீங்கன்னா தொறந்து உடுவாருங்க.”

என்ன வேலைக்கு என்று எழுதுவது?

எழுதியது அவள் கார் கதவில் இருந்தது.

நான்கு எழுத்தில் ஒரு வசவு.

ஆணியாலோ சாவியாலோ கீறியது. கருநீலப் பெயிண்ட் பெயர்ந்து, அடியில் இருந்த சாம்பல் நிறம் தெரிந்தது. கீறிய ஆளுக்கு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. கொம்பும் சுழியும் திருத்தமாக இருந்தன.

போன வாரம் அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் ஆண் ஒருவர் அவள் வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். அரை மணி நேரம் இருந்தார்.

அவ்வளவுதான் நடந்தது.

காலையில் பழைய போர்வை ஒன்றை எடுத்து வந்து கதவை மூடிப் பார்த்தாள். போர்வை போட்ட கார் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திவிடும் என்று தோன்றியது. உருவிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஒர்க்‌ஷாப் எதுவும் திறந்திருக்காது. தோழி ஒருத்தியின் தம்பி கார் கழுவும் கடை வைத்திருந்தான். அவனிடம் கேட்டு மிஷினையும் பாலிஷ் போடும் வெள்ளைப் பசை ஒரு டப்பாவும் வாங்கி வந்திருந்தாள். எதற்கு என்று அவன் கேட்டதற்குச் சின்னக் கோடு என்று சொன்னாள்.

மகள் மதுரா நான்கு மணிக்கு வந்துவிடுவாள். கோ-கோ போட்டிக்காக ஈரோடு போயிருக்கிறாள். பன்னிரண்டு வயது. இரண்டு நாள் வீட்டில் இல்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

மணி இரண்டரை.

நான்காவது மாடியில் அவள் வீடு முழுக்கக் கரண்ட் இருந்தது. மூன்று எக்ஸ்டென்ஷன் பெட்டிகளை ஒன்றோடொன்று கோத்துப் பால்கனியிலிருந்து இறக்கினாள். இரண்டாவது மாடி ஜன்னல் வரை வந்து நின்றது. ஜன்னலைத் திறந்த அம்மாள் ஒயரைப் பார்த்தாள். அண்ணாந்து அவளைப் பார்த்தாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அவள் ஒயரை மேலே இழுத்துக்கொண்டாள்.

கடைக்காரத் தம்பி, கார் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் சின்ன இன்வெர்ட்டர் ஒன்றும் கொடுத்திருந்தான். பேட்டரியில் கிளிப் போடுங்கக்கா, ஆனா இஞ்சின் ஓடிட்டே இருக்கணும் என்று நாலு தடவை சொல்லி அனுப்பியிருந்தான்.

கிளிப் போட்டாள். இஞ்சினை ஓடவிட்டாள். மிஷினில் கை வைப்பதற்குள் ஆறுச்சாமி ஓடி வந்தார். புகை லிஃப்ட் வழியாக மேலே ஏறுகிறதாம், மூன்று வீட்டிலிருந்து போன் வந்துவிட்டதாம். அவர் பேசியதெல்லாம் பின் சக்கரத்தோடு. கதவின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இஞ்சினை அணைத்தாள். வெறும் பேட்டரியில் மிஷினைப் போட்டாள்.

சுற்றியது.

அப்படி ஒரு சத்தத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. கை அதிர்ந்தது, தோள் அதிர்ந்தது. முதல் எழுத்தின்மேல் வைத்து அழுத்தினாள். பசை தெறித்துக் கண்ணாடியெல்லாம் புள்ளி விழுந்தது. விடவில்லை. இரண்டாவது எழுத்து. மூன்றாவது. பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவதையும் தேய்த்தாள்.

நான்கு நிமிடம் இருக்கும்.

சத்தம் இறங்கியது. மிஷின் சோர்ந்து சோர்ந்து சுற்றியது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது.

நின்றுவிட்டது.

சேலை முந்தானையால் கதவைத் துடைத்தாள்.

சுற்றிலும் கதவு பளபளத்தது. நேற்று வாங்கிய கார்போல இருந்தது. கீறலுக்குள் மட்டும் வெள்ளைப் பசை இறங்கிக் காய்ந்திருந்தது.

சாம்பலில் மங்கலாகத் தெரிந்த நான்கு எழுத்தும் இப்போது வெள்ளையில் தெரிந்தன. லிஃப்ட் வாசலிலிருந்தே வாசிக்கலாம்.

நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. தண்ணீர் ஊற்றினாள். மறைந்த மாதிரி இருந்தது. காயக் காயத் திரும்பி வந்தது.

எங்காவது கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்துவிடலாம். அடுத்த தெரு. அதற்கும் அடுத்த தெரு.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

டிக்.

இன்னொரு தடவை.

டிக்.

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

“அம்மா.”

மதுரா நின்றுகொண்டிருந்தாள். முதுகில் பை, கழுத்தில் மெடல், முழங்காலில் பிளாஸ்திரி. மேலே மணி அடித்து யாரும் திறக்காததால் தேடிக்கொண்டு கீழே வந்திருக்கிறாள்.

அம்மா அவசரமாக இறங்கினாள். கதவை உள்பக்கம் தெரிகிறபடி அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். அப்படியே எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்க முடியும்?

மதுரா சுற்றி வந்தாள்.

வெளிப்பக்கத்தைப் பார்த்தாள். பள்ளியில் அவளுக்கு இரண்டாம் மொழி இந்தி. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

உதடு நான்கு முறை அசைந்தது.

அப்புறம் அம்மாவின் கையிலிருந்து கதவை வாங்கி மெதுவாகச் சாத்தினாள். பையைக் கழற்றி வைத்தாள். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

சின்ன முதுகு. இரண்டு எழுத்தைத்தான் மறைத்தது.

சரிவுப் பாதையில் ஏதோ ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கி வந்தது.

மதுரா சற்று நகர்ந்து, பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டினாள்.

“நீயும் உக்காரும்மா.”