சீரான அடைப்புக்குறிகள்

"இது லிஃப்ட் கதவுக்கு நான் எழுதின ப்ரோகிராம்மா. அவசரத்துல அடைப்புக்குறியெல்லாம் கன்னாபின்னான்னு கிடக்கு. எடிட்டர்ல தானா சீர்படுத்துற எக்ஸ்டென்ஷன் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டு நீ கொஞ்சம் ஒழுங்குபடுத்திடேன்," என்றார் டீம் லீடர்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள் அவள். ஒரே பொத்தானைத்தான் அழுத்தினாள். எல்லா வரிகளும் நகர்ந்து, அத்தனை அடைப்புக்குறிகளும் அணிவகுத்து நின்றன.

"கடைசியா மாத்தினவங்க பேரைத்தான் கம்ப்யூட்டர் பதிவு பண்ணும். இனிமே எந்த வரியைத் தொட்டாலும் உன் பேர்தான் காட்டும்," என்று சிரித்தார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"லிஃப்ட் வராமலே கதவு திறந்து ரெண்டு பேர் விழுந்து செத்திருக்காங்க. கதவு கோளாறுன்னு போன வாரமே உங்களுக்குப் புகார் வந்திருக்கு. ப்ரோகிராம் எழுதினது யாரு?"

டீம் லீடர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"ஒவ்வொரு வரியிலும் பேர் இருக்கு சார். பாவம், சின்னப் பொண்ணு."